ஆலிவை விட்டவர்

கத்தரிக்காயா? வேண்டாம், கத்தரிக்காயை மட்டும் விடாதீர்கள். உங்கள் மாமனாருக்குச் செய்யத்தானே கயாவுக்குப் போகிறீர்கள்? பிண்டம் வைத்த பிறகு ஆலமரத்தடியில் உட்கார்த்திவைத்து ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை விடச் சொல்வார்கள். விட்டால் விட்டதுதான், ஆயுசுக்கும் தொடக் கூடாது. கத்தரிக்காயை விட்டுவிட்டுத் தமிழ்நாட்டில் எந்தக் கல்யாண வீட்டில் போய் உட்காருவீர்கள்? ரயிலில் இருக்கும்போதே நன்றாக யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். யோசிக்காமல் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ரொம்ப யோசித்துச் சொல்லி மாட்டிக்கொண்டவர் ஒருவர்தான். அவரோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன்.

அந்த வெள்ளைக்காரரா? ஏறினதிலிருந்து நீங்கள் அவரையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் எப்போது கேட்பீர்கள் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் எங்கள் சம்பந்தி. ஆகப்போகிற சம்பந்தி. பெயர் ஃபெர்மின், ஊர் ஸ்பெயின். அவரைக் கூட்டிக்கொண்டு கதவுப் பக்கம் போனாரே, சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்துக்கொண்டு, அதுதான் என் வீட்டுக்காரர், காந்திமதிநாதன். இரண்டு பேரும் செல்போனை நடுவில் வைத்துக்கொண்டு பேசுவார்கள். இவர் தமிழில் சொன்னால் அது ஸ்பானிஷில் சொல்லும், அவர் சொன்னால் தமிழில் சொல்லும். என்னைக் கூப்பிடவில்லை. நான் குறுக்கே பேசுவேனாம்.

அவரும் கயாவுக்குத்தான் வருகிறார். அவர் அம்மாவுக்குப் பிண்டம் வைக்க. சிரிக்காதீர்கள். அங்கே காரியம் செய்துவைக்கிற பண்டாவிடம் போனில் கேட்டாகிவிட்டது, தாராளமாக வரலாம் என்றுவிட்டார். அதில் பிரச்சினை இல்லை. நாளைக்குக் காலையில் அந்த மரத்தடியில் உட்கார்ந்து அவர் "ஆலிவ்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என் பையன் கல்யாணம் நின்றுபோகும். அதுதான் பிரச்சினை.

என்ன அது, மைசூர்பாகா? ஐயோ, எனக்குச் சர்க்கரை இருக்கிறது. சும்மா வாசனை பார்த்துவிட்டுத் தருகிறேன். வீட்டில் செய்ததா? சரி, ஒரு விள்ளல்.

முதலிலிருந்து சொல்கிறேன். போன வருஷம் என் மாமியாருக்குத் தலைத்திவசம் முடிந்ததும் நாங்கள் கயா போனோம். இவர் ராமேஸ்வரத்தோடு போதும் என்றார். போதாது என்றேன். எங்கள் அத்தையை உங்களுக்குத் தெரியாது. நான் வைத்த குழம்பை ஒரு நாளாவது அப்படியே ஊற்றிச் சாப்பிட்டிருப்பார்களா? கரண்டியால் கிண்ணத்தில் ஒரு தட்டு. ஒரு பெருமூச்சு. அப்புறம் எழுந்துபோய் அடுப்பை மறுபடி பற்றவைத்து அதற்கு என்னவோ செய்வார்கள். என் கல்யாணத்துக்கு மறுநாள் ஆரம்பித்தது, அவர்கள் படுக்கையில் விழும் வரைக்கும் நடந்தது. நல்ல மனுஷி, நான் குறை சொல்லவில்லை. நல்லபடியாக மேலே போய்ச் சேர்ந்து அங்கேயே சௌக்கியமாக இருக்கட்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். அங்கேயே. காரியத்தில் இந்தக் குறை, அந்தக் குறை என்று பாதி வழியில் திரும்பி வந்துவிடக் கூடாது பாருங்கள். அதனால்தான் கயா.

இவர் வருமான வரிக் கணக்குப் பார்த்துக் கொடுத்தவர். சட்டத்தில் எங்கே கதவு, எங்கே ஜன்னல், எதில் நுழைந்து எதில் வெளியே வரலாம் என்றே ஆயுசைக் கழித்தவர். பெத்த தாய்க்குக் காய் விடுகிற இடத்திலும் அந்தப் புத்தி போகவில்லை. பண்டா நல்ல தமிழ் பேசுவார். "காய் என்ன விடுறீங்க சார்?" என்றார். இவர், "ஆர்ட்டிசோக்" என்றார். டிவியில் ஏதோ சமையல் நிகழ்ச்சியில் பார்த்தாராம். "இலை?" "லெட்டூஸ்." "பழம்?" "ஆலிவ்."

பண்டாவே முழித்தார். "ஆலிவ் பழமா சார்? எங்க வீட்டுல குழந்தைக்கு எண்ணெய்தான் தேய்ப்பாங்க" என்றார். உடனே இவர் வாதாட ஆரம்பித்துவிட்டார். "மரத்துல காய்க்குது. பூவிலேர்ந்து வருது. உள்ள கொட்டை, வெளிய சதை. பழம் இல்லாம வேற என்ன?" பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்கிறார்கள். கடைசியில் பண்டா, "சரி சார், பழம்தான், விட்டுடுங்க" என்று இவர் கையில் தண்ணீர் விட்டு முடித்துவைத்தார். இவர் முகத்தில் ஒரு சிரிப்பு. வாழ்நாளில் இரண்டு தடவை ஒரு பீட்சாவின் மேல் கறுப்பு வளையமாகப் பார்த்திருக்கிறார், இரண்டு தடவையும் எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்திருக்கிறார். அதை விட்டாராம்!

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நான் அப்படி ஏமாற்றவில்லை. நேர்மையாகப் பலாப்பழத்தை விட்டேன். பலாப்பழம் பக்கமே போகக் கூடாது என்று டாக்டரம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார், அது வேறு. காய்க்குப் பாகற்காய். அதைக் கண்டாலே எனக்குக் குமட்டும், அப்படியும் விட்டேன்.

இப்போது என் பையன் கதைக்கு வருகிறேன். நிரஞ்சன். ஸ்பெயினில், செவில் என்கிற ஊரில், சூரிய மின்சாரக் கம்பெனியில் வேலை. ஒருநாள் போனில், "ம்மா, இனெஸ்னு ஒரு பொண்ணு" என்றான். நான் அழவில்லை, மயக்கம் போடவில்லை. பாளையங்கோட்டையில் கான்வென்ட்டில் படித்தவள் நான். அந்தப் பெண்ணைவிட எனக்கு அவள் வேதம் நன்றாகத் தெரியும். நேரில் பார்த்தபோது சோதித்தும் பார்த்தேன், 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தில் பாதிக்கு மேல் அவளுக்கு வரவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஆனால் நல்ல பெண். அவள் அப்பா யார், என்ன செய்கிறார் என்று கேட்டேன். "தோட்டம் இருக்கு, எண்ணெய் மில் இருக்கு" என்றான். தென்காசிப் பக்கம் என் சித்தப்பாவுக்கும் எண்ணெய் மில் இருந்தது, நல்ல குடும்பம்தான் என்று நினைத்துக்கொண்டேன். என்ன எண்ணெய் என்று கேட்கத் தோன்றவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் வந்து அவங்களைப் பார்க்கணும்" என்றான். போனோம். அவனுக்குப் பகலெல்லாம் ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமைதான் சம்பந்தி வீட்டாரைப் பார்ப்பதாக ஏற்பாடு. அதுவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் தனியாக ஊர் சுற்றி, ஹோட்டலில் சாப்பிட வேண்டியது. நாங்கள் சைவம், முட்டையும் கிடையாது. எனக்குச் சர்க்கரை, அதனால் ரொட்டி, உருளைக்கிழங்கு, சோறு கூடாது. அவருக்கு, கயாவில் விட்டாரே, அந்த மூன்றும் கூடாது. முதல் நாள் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து, "காய்கறி சாலட், மாமிசம் வேண்டாம்" என்று நல்ல இங்கிலீஷில் சொன்னேன். வந்தது. மேலே மீன்.

"மாமிசம் வேண்டாம்னு சொன்னேனே?"

"மேடம், இது மீன். மாமிசம் இல்லை" என்கிறான்.

மீனை எடுத்தான். அடியில் பன்றிக்கறித் துணுக்கு. "இது என்ன?" என்றால், "கொஞ்சம்தான்" என்கிறான். அதை எடுத்தான். பக்கத்தில் முட்டை. வேறு தட்டில் மாற்றிக் கொண்டுவரச் சொன்னேன். கடைசியில் அந்தத் தட்டில் மிச்சம் இருந்தது இரண்டு இலை. லெட்டூஸ்! இவர் விட்ட இலை! அதன்மேல் பச்சையாக எண்ணெய் மினுங்குகிறது. மேஜைக்கு மேஜை அந்த எண்ணெய்ப் பாட்டில்தான், நம் ஊரில் தண்ணீர் வைக்கிற மாதிரி. பாட்டிலில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். கொட்டையும் சதையுமாக ஒரு பழம்.

"என்னங்க, இது உங்க பழம்" என்றேன்.

அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். சட்டம் தயாராக இருந்தது. "நான் விட்டது பழம். இது எண்ணெய். பழம் வேற, எண்ணெய் வேற. எள்ளை விட்டவன் நல்லெண்ணெய் ஊத்திக்கலாம்."

"அப்ப பாலை விட்டவன் நெய் ஊத்திக்கலாமா?"

"தாராளமா."

"பெத்த அம்மாவுக்காக விட்டது!"

"கோமு, எனக்குப் பசிக்குது."

பசித்தால்? அந்த மனுஷருக்கு எண்ணெய் ஊற்றிச் சாப்பிடுவது ஒரு நிமிஷ வேலை. அத்தை திரும்பி வந்தால் படப்போகிறது யார்? நான் எதையும் அரைகுறையாக விடுகிறவள் இல்லை. அங்கேயே மேஜையில் உட்கார்ந்து கயாவுக்கு வீடியோவில் போன் போட்டேன். பண்டா எடுத்தார். பின்னால் யாருக்கோ பிண்டம் உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாட்டிலைக் காட்டினேன். சப்ளையர் பையன் பக்கத்தில் நின்று பண்டாவுக்குக் கை ஆட்டுகிறான். பண்டா கொஞ்சம் யோசித்தார். "பழமா இல்லையான்னு எனக்குச் சந்தேகம் இருந்திச்சும்மா. சார்தான் பழம்னு சொன்னாரு. பழம்னா சாறும் அதுல சேர்த்திதானே? எண்ணெய் அதோட சாறுதானே?" என்றார். இவர் தட்டைத் தள்ளிவைத்தார். அவர் வாதாடி ஜெயித்த கேஸ், பாருங்கள்.

"எண்ணெய் இல்லாமல் கொண்டு வா" என்று சப்ளையரிடம் சொன்னேன். அவன் போய்ச் சமையல்காரரைக் கூட்டிவந்தான். சமையல்காரர் போய் முதலாளியம்மாவைக் கூட்டிவந்தார். அந்த அம்மா வந்து இவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் அடிக்கிறதா என்று.

அதற்கப்புறம் தினமும் இதே கூத்து. எந்த ஹோட்டலில் எதைக் கேட்டாலும் அதில் ஆலிவ் எண்ணெய். தக்காளிச் சாறு கேட்டோம், அதில் எண்ணெய். தோசைக்கல் மாதிரி எதிலோ வாட்டிய காய் கேட்டோம், எண்ணெய். ஆர்ட்டிசோக்கும் வந்தது, அதைத்தான் ஐயா ஏற்கெனவே விட்டுவிட்டாரே. ரொட்டிக் கூடை வந்தால் அது அவருக்கு, வெள்ளரிக்காய் வந்தால் எனக்கு. நான் டிஷ்யூ காகிதத்தால் தக்காளியைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டேன், அது அவருக்காக அல்ல, எனக்கு அந்த வாசனை பிடிக்கவில்லை. ஒருநாள் வெறும் வயிற்றோடு நடந்துகொண்டிருந்தவர், தெருவோர மரத்தில் ஆரஞ்சு தொங்குகிறது என்று எம்பிப் பறித்து உரித்து வாயில் போட்டார். அந்த ஊர்த் தெரு ஆரஞ்சு வேப்பங்காயைத் தோற்கடிக்கும். அதை அங்கே யாரும் தின்கிறதில்லையாம். முகம் போன போக்கைப் பார்த்து ஒரு குழந்தை அழுதது.

நான்? எனக்கென்ன, நான் சமாளித்துக்கொண்டேன். அந்த ஊரில் கன்னியாஸ்திரிகள் மடத்திலேயே இனிப்பு செய்து விற்கிறார்கள். ஒரு சுழல் கதவு, உள்ளே இருப்பவர் முகம் தெரியாது, நாம் கேட்டால் பெட்டி சுற்றிக்கொண்டு வெளியே வரும். எனக்கு எங்கள் கான்வென்ட் சிஸ்டர் பெர்னதெத் ஞாபகம் வந்து கண்ணே கலங்கிவிட்டது. கேசரி நிறத்தில் உருண்டை உருண்டையாக, வாயில் வைத்தால் கரைகிறது. இவர் ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டு, "முட்டை வாடை அடிக்குதே கோமு" என்றார். பசியில் மனுஷருக்கு எதிலும் குற்றம்தான் தெரியும். கன்னியாஸ்திரிகள் ஜெபம் சொல்லிக்கொண்டே செய்கிறது, அதில் போய் எதைப் போட்டீர்கள் என்று கேட்பதா? கோயில் பிரசாதத்தில் கேட்போமா? தினம் ஒரு பெட்டி வாங்கினேன். சர்க்கரை? அது குளிர்ப் பிரதேசம், உடம்பு எரித்துவிடும்.

இன்னொரு துண்டு இருக்கிறதா? சின்னதாகப் போதும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இனெஸ் ஊர் ஒரு மணி நேரத்துக்கு மேல். போகிற வழியெல்லாம் அந்த மரம்தான். இந்தப் பக்கம் மலை முழுக்க, அந்தப் பக்கம் மலை முழுக்க, வானம் தொடங்குகிற இடம் வரைக்கும் ஆலிவ். இவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார், "என்ன எண்ணெய் மில்லுடா?" நிரஞ்சன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டான்.

"அப்பா, ஒரே ஒரு வாய். அவர் மில்லு எண்ணெயை ரொட்டியில் ஊத்திக் கொடுப்பார். புதுசா வர்ற மனுஷங்களுக்கு முதல் துண்டு அவர் கையால. அது அவங்க வீட்டுப் பழக்கம். அதைச் சாப்பிட்டாத்தான் அவர் பேசவே ஆரம்பிப்பார். பொண்ணு தூர தேசத்துக்குப் போயிடுமோன்னு ஏற்கெனவே அவருக்கு மனசே இல்ல. ம்மா, ப்ளீஸ்மா, நீ ஒண்ணும் சொல்லாதே."

நான் என்ன சொல்லப்போகிறேன்? நான் எதுவும் சொல்கிறவளா?

ஊருக்குள் பெரிய ஹோட்டல். மத்தியானச் சாப்பாட்டுக்குச் சாயங்காலம் ஆகிவிடும் போல் இருந்தது, அப்படி ஒரு ஊர். ஃபெர்மின் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கை ஒவ்வொன்றும் முறம் மாதிரி. பக்கத்தில் அவர் மனைவி பிலார், கண்டிப்பான பெண்மணி, பார்த்ததும் எனக்குப் பிடித்தது. ஹோட்டல் எண்ணெயை ஒதுக்கிவைத்துவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். அந்த வருஷம் மில்லில் முதன்முதலாக ஆட்டி எடுத்த எண்ணெய். கிளிப்பச்சை. ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, குழந்தைக்கு மருந்து ஊற்றுகிற மாதிரி ஊற்றி, எழுந்து வந்து இவர் முன்னால் நீட்டினார். சமையல்காரர்கூட வெளியே வந்து நிற்கிறார். இவர் கை போகிறது. வாய் திறந்தாயிற்று. மேஜைக்கு அடியில் ஒரு உதை விட்டேன். அது பிலார்மேல் பட்டுவிட்டது, அந்த அம்மா நாற்காலியை நகர்த்திக்கொண்டாள். வேறு வழியில்லாமல் வாய்விட்டுச் சொன்னேன்.

"என்னங்க. அத்தை."

அவ்வளவுதான். ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டார். நிரஞ்சன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஃபெர்மின் நின்றது நின்றபடி ஏதோ கேட்டார். இனெஸ் இங்கிலீஷில் சொன்னாள், "எங்க எண்ணெய்ல என்ன குறைன்னு அப்பா கேட்கறார்." நான் எழுந்து நின்றேன். உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்று சிறுவயதிலேயே பழக்கியிருக்கிறார்கள், பொய் சொன்னால் சிஸ்டர் பெர்னதெத் வராந்தாவில் முழங்கால் போட வைப்பார். "குறை ஒன்றும் இல்லை. இறந்துபோன தன் தாயாருக்காக இவர் ஆலிவை ஆயுசுக்கும் விட்டிருக்கிறார்" என்றேன். நிரஞ்சன் அதை அவருக்குச் சொன்னான். ஃபெர்மின் பாட்டிலை மூடி மேஜையில் வைத்தார். பிறகு ஒரே கேள்வி. உலகத்தில் இத்தனை பழம் இருக்கும்போது ஏன் ஆலிவ்?

நியாயமான கேள்வி. நானும் நியாயமாகப் பதில் சொன்னேன். "எங்கள் ஊரில் அது கிடையாது. இவருக்குப் பழக்கமும் இல்லை. அதனால் விடுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை என்றுதான்." இரண்டு வரி, இலக்கணப் பிழை இல்லாத இங்கிலீஷ்.

நிரஞ்சன் அதை ஸ்பானிஷில் சொன்னான். நான் சொன்னது இரண்டு வரி, அவன் சொன்னது ஒரு பக்கம் இருக்கும். அந்த பாஷை அப்படி நீளம். நடுவில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். அப்பாவைக் காட்டினான், மேலே காட்டினான். இனெஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டைப் பார்க்க ஆரம்பித்தாள். கேட்கக் கேட்க ஃபெர்மினுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்படியே வந்து இவரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம்! கூச்சத்தில் இவர் மரம் மாதிரி நிற்கிறார். சமையல்காரர் மூக்கைச் சிந்துகிறார். நான் நினைத்துக்கொண்டேன், உண்மையை உள்ளபடி சொன்னால் எந்த நாட்டு மனுஷனும் மதிக்கிறான்.

அப்புறம் எல்லாம் சுபம். கிளம்பும்போது இனெஸ் என்னிடம், "தனக்கு ரொம்பப் பிரியமானதை அம்மாவுக்காக விட்ட ஒரு மனுஷரை அப்பா இப்பத்தான் முதல் தடவையா பார்க்கறாராம்" என்றாள். பிரியமானது என்று நான் எங்கே சொன்னேன்? என்னவோ, உணர்ச்சிவசப்படுகிற ஜனங்கள். காரில் வரும்போது நிரஞ்சன் அவன் அப்பா காதில் ஏதோ குசுகுசுத்தான். அதிலிருந்து இவர் ஃபெர்மின் பேரை எடுத்தாலே தலையைக் குனிந்துகொள்கிறார்.

என்ன கேட்டீர்கள்? மாற்றிச் சொல்லியிருப்பானா? என் பையனா? என்ன பேச்சு பேசுகிறீர்கள். நான் வளர்த்த பிள்ளை.

கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அப்போதுதான் ஃபெர்மின் வீட்டிலிருந்து போன். அவரும் கயா வருகிறாராம். ஆலிவை விடப்போகிறாராம்! அவர் அம்மாதான் அந்த மில்லை நடத்தியவர்களாம். அவர்கள் ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்த அன்றைக்கு மில்லில் பழம் வந்து குவிந்திருந்தது, அரைத்துவிட்டுப் போகலாம் என்று ஃபெர்மின் நின்றுவிட்டாராம். போனபோது முடிந்துவிட்டது. அன்றிலிருந்து மனதில் வைத்துக்கொண்டிருந்தவர், இங்கே ஒருத்தர் அம்மாவுக்காக ஆலிவையே விட்டிருக்கிறார் என்றதும் தானும் விட்டே தீருவது என்று கிளம்பிவிட்டார்.

பாவம்தான். ஆனால் அவர் விட்டால் மில் என்ன ஆகும்? எந்த எண்ணெயோடு எந்த எண்ணெயைக் கலக்கலாம், எது முதல் தரம் என்று அவர் நாக்கில் வைத்துச் சொன்னால்தான் அங்கே ஒரு பாட்டிலாவது வெளியே போகும். பிலார் ஒரே வார்த்தை சொல்லிவிட்டாளாம், "அவர் ஆலிவை விட்டுட்டு வந்தா, மூளையைக் கெடுத்த அந்தக் குடும்பத்துக்கு என் பொண்ணு இல்ல." நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நிரஞ்சனுக்கு லீவு இல்லை, இனெஸ் மில்லைப் பார்த்துக்கொள்ள வேண்டும். "ம்மா, எப்படியாவது அவரை வேற ஏதாவது விடச் சொல்லு. ஆனா அன்னைக்கு நடந்ததைப் பத்தி மட்டும் வாயத் திறக்காதே" என்று தினம் போன். நான் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்? நான்தான் உண்மையை அன்றைக்கே மேஜையில் வைத்துவிட்டேனே.

மூன்று நாளாகச் சென்னையில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். என்னாலானது சொல்லிப் பார்த்தேன். பலாப்பழத்தை விடுங்கள் அண்ணாச்சி என்றேன், படம் காட்டினேன். பாகற்காயை விடுங்கள் என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கையை நெஞ்சில் வைத்து, "ஆலிவ்" என்கிறார். இவரோ மூன்று நாளும் திருடன் மாதிரி மூலையில் உட்கார்ந்துகொண்டு நகத்தைக் கடிக்கிறார். ரயில் ஏறியும் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்குக் காலையில்தான் என்ன தோன்றியதோ, அவர் தோளைத் தொட்டு எழுப்பி, போனைக் காட்டி, கதவுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

இதோ வருகிறார்கள். பாருங்கள், பாருங்கள், இரண்டு பேர் கண்ணும் சிவந்திருக்கிறது. அழுதிருக்கிறார்கள். அம்மாக்களை நினைத்து. ஃபெர்மின் அண்ணாச்சிக்குத் தோள் இன்னும் குலுங்குகிறது, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டிருக்கிறார். இவர் முதுகில் எதற்கு இப்படி ஓங்கி ஓங்கி அடிக்கிறார்? துக்கத்தில் சிலர் அப்படித்தான்.

"என்னங்க, என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

"உண்மையைச் சொன்னேன்."

"நான்தான் அன்னைக்கே சொல்லிட்டேனே."

"ஆமா. நீதான் சொன்னே. நான் ஒழுங்கா இன்னொரு தடவை சொன்னேன்."

"அதுக்கா இவ்வளவு நேரம்?"

"அதுக்கப்புறம் அம்மாவைப் பத்திச் சொன்னேன். நான் ஒரு வேளை சாப்பிடலைன்னா அவளுக்குத் தூக்கம் வராது. ஸ்பெயின்ல வெறும் ரொட்டியத் தின்னுக்கிட்டு நான் அலைஞ்சதைப் பார்த்தா என்ன சொல்லியிருப்பான்னு சொன்னேன். அவர் அவங்கம்மாவைப் பத்திச் சொன்னார். அந்தம்மா கடைசியாப் பேசினதே, பழம் வந்துச்சா, அரைச்சாச்சான்னுதானாம்."

எப்படிப் பேசுகிறார் பாருங்கள், அத்தை சொல்வார்களாம். அத்தைக்கு இவர் எது செய்தாலும் சரிதான். இருங்கள், இருங்கள், ஃபெர்மின் அண்ணாச்சி போனில் ஏதோ சொல்கிறார். அது தமிழில் சொல்லும். கேளுங்கள்.

"நான் ஆலிவை விடவில்லை. நாளை நான் முருங்கைக்காயை விடுகிறேன்."

முருங்கைக்காயா! கேட்டீர்களா, முருங்கைக்காய் என்றுதானே சொன்னது? அப்பாடா, கல்யாணம் பிழைத்தது. நிரஞ்சனுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் ஐயோ, முருங்கைக்காயைப் போயா! கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். உங்களுக்குத் தெரியாது. அந்த மூன்று நாளும் என் வீட்டில் அவருக்கு முருங்கைக்காய்தான். சாம்பார், புளிக்குழம்பு, பருப்புப் போட்டுப் பிரட்டல். என் கைக்கு அது தனியாக வரும், அத்தைகூட அதில் ஒரு தடவை ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். நம்மைப் போல மென்று துப்பவில்லை அண்ணாச்சி. தோலோடு, நாரோடு, கட்டை கட்டையாகக் கடித்து விழுங்கினார். தட்டில் ஒரு சக்கை மிச்சம் வைக்கவில்லை. நான் போடப் போட, கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டார். அவ்வளவு ருசி. இவர் ஏதோ சொல்ல வந்தார், சும்மா இருங்கள், மனுஷர் ரசித்துச் சாப்பிடுகிறார் என்று அடக்கினேன்.

அவ்வளவு பிரியமானதை விடுகிறார் பாருங்கள். விடுவது என்றால் இது விடுவது. என்னங்க, கேட்டுக்கிட்டீங்களா? கத்துக்குங்க. என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு? அவரே கண்ணைத் துடைச்சுக்கிட்டிருக்கார், நீங்க பல்லைக் காட்டுறீங்க.

அழாதீங்க அண்ணாச்சி. நாளைக்குக் காலையிலதானே விடுறீங்க? அதுவரைக்கும் ஒரு தடையும் இல்லை. ஏம்மா, உங்கள் காலடியில் நீலப் பை இருக்கிறது பாருங்கள், அதிலிருந்து அந்தப் பெரிய டப்பாவை எடுங்கள். முருங்கைக்காய்த் தொக்கு. ஊருக்குக் கொண்டுபோகட்டும் என்று அவருக்காகவே செய்தது. இனிமேல் வைத்திருந்து என்ன பிரயோஜனம், இன்றைக்கே முழுக்கச் சாப்பிட்டு முடித்துவிடட்டும். போனை இப்படிக் கொடுங்கள், நானே சொல்கிறேன்.